ரயில் பெட்டி கேட்ட பதில்

செவ்வாய், இரவு

இன்று நகரசபைக் கூட்டத்தில் கவுன்சிலராக நானும் ஆதரவாகக் கையைத் தூக்கினேன். பெங்களூரை எங்கள் ஊர்வரை வளர்க்கும் நீண்டகாலத் திட்டத்துக்கு அரசாங்கம் கருத்துக் கேட்டிருந்தது; எங்கள் சபையின் பதிலில் இருப்பது ஒரே கோரிக்கை: காலை ரயிலுக்குக் கூடுதல் பெட்டிகள். வரைபடத்தை விரித்ததும் எல்லாக் கவுன்சிலர்களின் விரலும் ரயில் பாதைமேல்தான் ஓடியது. என் விரலும்தான். என் கணவர் தினமும் அந்த ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவர்.

ராத்திரி அவர் திரும்பியதும் வரைபடத்தைப் பெருமையாகக் காட்டினேன். அவர் பாதையைப் பார்க்கவில்லை. கோலார் தங்கவயலில் நாங்கள் குடியிருக்கும் சாம்பியன் ரீப்ஸைத் தேடினார்.

"இன்னா ஸ்டெல்லா இது? நம்ம லைன் இருக்கற எடத்துல காலி நிலம்னு போட்டுக்கிறாங்க."

சுரங்கக் கம்பெனி கொடுத்த வரிசை வீடுகள். ஒருவருக்கும் பட்டா கிடையாது; காலி நிலம் என்று திட்டத்தில் ஏறிவிட்டால் எங்களைக் காலி செய்யச் சொல்லலாம். வாக்குப் போட்டு என்னை அனுப்பியதே இந்த லைன்தான்.

"நீ பாக்கலியா?"

"ரயிலுப் பாதையைத்தான் பாத்தேங்க."

"பதிலு பூடுச்சா?"

"நாலு மணிக்கே அனுப்பிட்டாங்க."

அவர் காலை ரயிலுக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

திருத்தம் அனுப்ப முடியுமா என்று நகரசபைக் கமிஷனரைக் கேட்க வேண்டும். அவர் என்ன சொல்வாரோ. அதற்குமுன், விடியற்காலையில் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் என் வாசலில் நின்று, பெட்டி கேட்டீங்களா என்பார்கள். கேட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். சந்தோஷப்படுவார்கள்.