மங்கிப்போன முத்துமாலை

பென்னலூர்
4.8.1991

அன்பு அமலாவுக்கு உன் தாய்மாமன் யாக்கோபு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் ரத்னா அத்தையும் சுகம்.

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்னமே தெரியும். அக்கா சாகும்போது என்னிடம் கொடுத்த முத்துமாலையைப் போன மாதம் உன் கையில் ஒப்படைத்தேனே, அன்றைக்கே அத்தையிடம் சொன்னேன், பெங்களூர் போய்ப் பெட்டியைத் திறந்ததும் பெண் கடிதம் போடும் என்று. போட்டுவிட்டாய். முத்தெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது, யாரோ மாற்றிவிட்டார்கள் என்கிறாய்.

யார் என்பதும் தெரியும். சவுக்கார்பேட்டைக் கடைக்காரன். உன்னிடம் தருவதற்குமுன் மதிப்புப் பார்க்கலாம் என்று, மாலையை மடியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். செம்பரம்பாக்கம் ஏரி தாண்டும்வரை கையை எடுக்கவில்லை. அவன் லென்ஸ் வைத்துத் துளைகளைப் பார்த்துவிட்டு, அசல் முத்து, நூல்தான் இற்றிருக்கிறது, கோத்துத் தர மூன்று நாள் ஆகும் என்றான். அப்போதே அவன் பார்வை சரியில்லை. கம்பெனி கேட்டில் தினம் நானூறு பேரின் டிபன் கேரியரைத் தட்டிப் பார்க்கிறவன் நான். நான் இல்லாவிட்டால் அங்கே ஒரு போல்ட்டு மிஞ்சாது என்று மானேஜரே இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

மாலையைப் பருத்தித் துணியில் சுற்றி வை. சென்ட் படக்கூடாது.

ஆசிகளுடன்,
யாக்கோபு மாமா

பெங்களூர்
11.8.1991

அன்புள்ள மாமாவுக்கு,

கடையின் பெயரும் விலாசமும் எழுதுங்கள். நானே நேரில் போய்க் கேட்கிறேன். மூன்று நாள் விட்டுவிட்டு வந்தீர்களே, ரசீது இருக்குமே?

அன்பு மருமகள்,
அமலா

பென்னலூர்
17.8.1991

அன்பு அமலாவுக்கு,

உனக்கு வீண் அலைச்சல் எதற்கு என்று நானே போய்வந்தேன். கடை பூட்டிக் கிடக்கிறது. குடும்பத்தோடு பம்பாய் போய்விட்டானாம். இதையும் எதிர்பார்த்தேன். ரசீதை எலி கடித்துவிட்டது.

அத்தை தினமும் கேட்கிறாள், "அமலா நம்மள ஒண்ணும் நெனச்சிக்கலையே?" என்று. போடி என்று அதட்டினேன்.

யாக்கோபு மாமா

பெங்களூர்
25.8.1991

மாமாவுக்கு,

புதிதாகக் கோத்த மாலை என்கிறீர்கள். நூல் பழசு. கொக்கி ஓரத்தில் நீல நூலால் போட்ட முடிச்சு இருக்கிறது. முத்தை மாற்றிவிட்டு மறுபடி அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அம்மாவும் அத்தையும். அம்மா இல்லை. இனி நான் என்ன நினைப்பது?

செப்டம்பர் 15 அம்மாவின் வருஷ ஜெபத்துக்கு வருகிறேன். அப்போது அத்தை அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

அமலா

பென்னலூர்
1.9.1991

அன்பு அமலாவுக்கு,

நான் டியூட்டியில் இருந்தபோது உன் கடிதம் வந்தது. அத்தை பிரித்துப் படித்துவிட்டாள். வீட்டுக்கு வந்தால் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இதைத்தான் சொன்னாள்: "உங்க அக்காவுக்கு ரெண்டு வருசம் சோறு ஊட்டினு இருந்த கை இது. இதத்தான் திருட்டுக் கைன்னு எழுதிக்கீது."

பையைப் பிடுங்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்த நீல முடிச்சு உன் அம்மா போட்டதுதான். மாலையை யாரும் அவிழ்க்கவில்லை. நீ வருவதற்கு முந்தின நாள் பார்த்தேன், கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தது. பெண் கையில் பளபளவென்று கொடுக்கலாமே என்று, பித்தளைச் சொம்பு விளக்குகிற மாதிரி புளியைக் கரைத்து ஊறப்போட்டேன். அத்தை சந்தைக்குப் போயிருந்தாள், இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். சாயங்காலம் எடுத்தால், நீ பார்த்த கோலம். துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அவளுக்கே இன்றுதான் தெரியும்.

முத்து அசல்தானா என்று மனசு கேட்காமல், நேற்றே கண்ணாடிப் பாசிமணி ஒரு சரம் வாங்கி அதேபோல் புளியில் ஊறப்போட்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை, அப்படியே மின்னுகிறது. ஆக, புளி தின்றது என்றால் உன் அம்மாவின் முத்து அசல். மதிப்புப் பார்த்துச் சொன்னவன் நான்தான், வேறு எவனும் இல்லை.

பதினைந்தாம் தேதி வா. அத்தைதான் கதவைத் திறப்பாள். என்னிடம் பேசாவிட்டால் பரவாயில்லை, அவளிடம் பேசு.

மானேஜர் சொன்னது நிஜம். சவுக்கார்பேட்டைக் கடை மட்டும் நானாகச் சொன்னது.

யாக்கோபு