கடல்சிங்கத்தின் சத்தம்

ஆகஸ்ட் 12, 1974. திங்கள்.

இன்று அவர் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் கடல்சிங்கத்துக்கே போய்விட்டது. கலிபோர்னியாவில் கப்பல் நின்றபோது கடற்கரைக்குப் போனாராம். அவை உப்பு மூட்டைகள் மாதிரிக் கிடந்தனவாம். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தாராம். என் பக்கத்தில் அப்படி ஒரு சாயங்காலம் உட்கார்ந்ததுண்டா? எப்போது வருகிறார் என்று ஒரு வரி இல்லை.

மகளுக்குப் படித்துக் காட்டினேன். இரை தேடப் போன தாய் கரைக்குத் திரும்பி வந்து கத்துமாம். அத்தனை குட்டிகளுக்கு நடுவில் அதன் குட்டி மட்டும் சத்தத்தை அடையாளம் கண்டு பதில் கொடுக்குமாம்.

"அப்பா வந்து கூப்ட்டா எனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். அவர் கப்பலேறியபோது அவளுக்கு நாலு மாதம். இப்போது மூன்று வயது முடியப்போகிறது.

"தெரியும்ளா. ஏளான்னுதான் கூப்பிடுவாங்க."

"எப்படி? கூப்ட்டுக் காட்டு."

அவரைப் போலவே கூப்பிட்டுக் காட்ட வாயைத் திறந்தேன். என் குரல்தான் வந்தது.

அவள் தூங்கிவிட்டாள். நான் இன்னும் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஏளா என்ற வார்த்தை வருகிறது. அவர் சத்தம் வரவில்லை.