பொரி தின்ற மிஷின்

இடைசெவல்
20-10-1983

அன்புள்ள மகன் சங்கரபாண்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் மாடுகளும் சுகம், மழைதான் இன்னும் வந்து சேரவில்லை. பூனாவில் உன் உடம்பும் வேலையும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

இனிமேல் எல்லாம் மிஷின்தான் என்று நீ எழுதினாலும் எழுதினாய், உன் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நம் தீப்பெட்டி ஆபீசுக்குச் சிவகாசியிலிருந்து குச்சி அடுக்கும் மிஷின் ஒன்றை வரவழைத்துவிட்டார். பத்து நாள் ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் திருப்பி அனுப்புவது என்று பேச்சு. வந்து இறங்கியது சரியாக ஆயுத பூஜை அன்றைக்கு. அதற்கு மாலை என்ன, சந்தனம் என்ன, உன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு செய்வாரா என்பது சந்தேகம். பன்னிரண்டு பெண்கள் மரச்சட்டத்தில் அடுக்குகிற குச்சியை இது ஒன்றே அடுக்கிவிடும் என்று மெக்கானிக் மாயகிருஷ்ணன் பெருமையடிக்க, அப்பா தலையாட்டினார். அந்தப் பன்னிரண்டு பேரும் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொர்ணத்தாய் மட்டும் என் பக்கத்தில் வந்து, "அப்ப நாளைலருந்து நாங்க வரணுமா, வேண்டாமா தாயி?" என்று மெதுவாகக் கேட்டாள். இரண்டு வருஷமாகப் பருத்தி காய்ந்துபோய், இந்தக் கூலியில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. எப்போதும்போல வாங்க என்று சொல்லி அனுப்பினேன்.

பூஜை முடிந்ததும் எல்லாக் கருவிக்கும் பொரிகடலை வைப்பது வழக்கம்தானே. மற்றதற்கெல்லாம் ஒரு சிட்டிகை வைத்தேன். புது மிஷின் பிரயாணக் களைப்பில் இருக்குமே என்று அதன் வாயில் ஒரு படி கொட்டினேன், அச்சுவெல்லத்தையும் தட்டிப் போட்டேன். மறுநாள் ஓட்டினால் ஒரு சுற்று சுற்றிக் கடகடவென்று கத்திவிட்டு நின்றுவிட்டது. மாயகிருஷ்ணன் இரண்டு நாள் கழற்றிப் பொரியும் எறும்புமாக அள்ளினார், மூன்றாம் நாள் மறுபடியும் அடைத்துக்கொண்டது. அந்த மூன்று நாளும் குச்சி அடுக்கியது சொர்ணத்தாய் கூட்டம்தான், லாரி நேரத்துக்குப் போயிற்று. கரிசல் காட்டுக்கு இந்த மிஷின் ஒத்துவராது என்று அப்பா தீர்ப்புச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பக்தி முற்றிப்போய் நான் செய்த பிசகு என்று ஊரே நம்புகிறது, நீயும் அப்படியே நம்பு.

ஆனால் இன்னொரு மிஷின் வராமல் இருக்குமா, எனக்கும் தெரியும். நீ மிஷின் செய்கிற கம்பெனியில் இருக்கிறாய், விவரம் தெரிந்தவர்கள் பேச்சு உன் காதில் விழும். அடுத்தது வருவதற்குள் இந்தப் பன்னிரண்டு பேருக்கும் என்ன வேலை என்று ஒரு வழி யோசித்து எழுது. அதைச் சொல்லாமல் மிஷின் பெருமையை மட்டும் அப்பாவுக்கு எழுதாதே.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. நோய்நொடி இல்லாமல் நன்றாக இருப்பாய். படித்ததும் இதைக் கிழித்துப் போட மறக்காதே. தபாலில் போட சொர்ணத்தாய்தான் வாசலில் நிற்கிறாள், பதில் என்றைக்கு வரும் என்று இப்போதே கேட்கிறாள்.

உன் அம்மா
பெத்தம்மாள்