பின்கதவு

உ
மாரியம்மன் துணை

அன்புள்ள அக்காவுக்கு,

கார் முன்சீட்டில் பட்டாசு சாம்பிள் பெட்டி இருக்கும், நான் பின்னால்தான். வெள்ளிதோறும் கோயில் வாசலில் என் வீட்டுக்காரரே இறங்கி வந்து கதவைத் திறப்பார். "மகாராணியம்மா வந்துட்டாக!" என்று பூக்காரி சிரிப்பாள். உன் வீட்டருகே நிறுத்தச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

உள்ளிருந்து அந்தக் கதவு திறக்காது. மூன்று வருடமாக சர்வீஸ் நோட்டில் 'பின்கதவு பழுது' என்று எழுதிவந்தேன். நேற்று வந்த மெக்கானிக்கிடம் நானே கேட்டேன்.

"பழுதில்லக்கா. சின்னப்பிள்ளைக திறந்துறக் கூடாதுன்னு போடுற பூட்டு. உங்களுக்கு எத்தன பிள்ளைக?"

நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லையே அக்கா.

அவன் போனதும் பூட்டை விடுபடும் பக்கம் தள்ளிவிட்டேன். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சாத்தூர் ரயில்வே கேட் அடைக்கும்போது கார் நிற்கும். நீ அங்கன வந்து நில்லு.

உன் தங்கச்சி