ஊதாத் துணி போர்த்திய பக்கம்

2023 நவம்பர் 14, செவ்வாய்

காலையில் மகன் றோய் மெல்பேணிலிருந்து அழைத்தான். இடியப்பம் அடுப்பில் இருக்கிறது என்று சொல்லியும் விடவில்லை. நான் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடும் மனைவி பிள்ளைகளோடும் வந்து இருந்துவிட வேண்டுமாம்.

"அப்பா போய் மூணு வருசம். அந்தப் பெரிய வீட்டில தனிய இருந்து என்ன செய்யிறீங்க?"

என்ன செய்கிறேனா? மூன்று அறைகளைத் துடைத்து, கட்டில் விரித்து, மட்டக்களப்பு வாவிப் பக்கத்து ஜன்னல்களைத் திறந்து, வாடகைக்குத் தங்க வரும் விருந்தினர்களுக்காகக் காத்திருக்கிறேன். அது வேலை இல்லையா? வருகிறவர்கள் குறைவுதான். அதை மறைக்கவில்லை. போன மாதம் இரண்டே பேர். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர்.

கடைசியில் ஒரு தவணை பேசிக்கொண்டோம். மார்ச் கடைசியில் வரும் உயிர்த்த ஞாயிறுக்குள் ஏதாவது ஒரு நாள் மூன்று அறையும் ஒன்றாக நிறைந்தால், அவன் மெல்பேண் பேச்சை எடுக்கக்கூடாது. நிறையாவிட்டால் நான் பெட்டி கட்ட வேண்டும். ஓம் என்றான், சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 20, திங்கள்

வலைத்தளம் வேண்டும். யாரைக் கொண்டு செய்விப்பது?

அக்காவின் மகன் சதீஸ் கொழும்பில் அதே வேலை பார்க்கிறான். எனக்கென்றே தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகக் கோட் எழுதி ஒரு தீம் செய்து தருவானாம். உலகத்தில் வேறு ஒருவரிடமும் அது இருக்காதாம்.

மற்றவள் ஸுஹைனா. காத்தான்குடிப் பிள்ளை, அங்கே ஒரு புடைவைக் கடைக்குச் செய்து கொடுத்திருக்கிறாள். ஸ்கூட்டியில் மடிக்கணினியோடு வந்தாள். பேஜ் பில்டர் என்று ஒன்றைத் திறந்து காட்டினாள். படத்தைப் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் விடலாம். எழுத்தின்மேல் தட்டி மாற்றலாம். "ஒரு வரி கோட்டும் தேவல்ல அன்ரி. மறுகா நீங்களே மாத்திக்கலாம்."

அவள் செய்த தளங்களையும் பார்த்தேன். புடைவைக் கடை, பல் வைத்தியர், வாகனம் பழக்கும் இடம். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றில் சேலை, ஒன்றில் பல்; அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இன்றுவரை ரெடிமேட் சட்டை போட்டவள் அல்ல. கொன்வென்றில் சிஸ்டர் பேர்னடெற் எங்கள் தையலை முதலில் திருப்பித்தான் பார்ப்பார். பின்பக்கம் முன்பக்கம் போல் சுத்தமாக இல்லாவிட்டால் முழுவதையும் பிரிக்க வேண்டும். இதைச் சதீஸிடம் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டான்: "அந்தப் பேஜ் பில்டரைத் திருப்பிப் பாருங்க சின்னம்மா, பின்னால முழுக்க நூலும் முடிச்சும்தான். அதாலதான் திறக்கவும் சுணங்கும்."

அத்துடன் முடிவாயிற்று. சதீஸ்தான்.

ஸுஹைனா தேநீரைக் குடித்து முடித்து, பரவாயில்லை, தேவைப்பட்டால் சொல்லுங்கள் என்றாள். முகம் சுளிக்கவே இல்லை. கொஞ்சம் சுளித்திருக்கலாம்.

டிசம்பர் 8, வெள்ளி

அமலோற்பவ மாதா திருநாள். பூசை முடிந்து வந்தபோது தளம் திறந்திருந்தது.

அழகு. அழகைத் தவிர வேறு சொல் இல்லை. முழுத்திரைக்கு வாவி, அதன்மேல் என் வீட்டின் பெயர், மெல்லிய எழுத்தில். எங்கள் வாவியில் இரவில் மீன் பாடும் என்பார்கள்; தளம் திறக்கும்போது அந்தச் சத்தம் வைக்கவா என்று சதீஸ் கேட்டிருந்தான். எழுபத்து மூன்று வருடம் இந்தத் தண்ணீர்க் கரையில் இருக்கிறேன், இரண்டு தரம் கேட்டிருப்பேன், அதுவும் நிச்சயமில்லை; வராத சத்தத்தை வாசலில் வைக்க மாட்டேன் என்றுவிட்டேன்.

புஸ்பம் — சமையலையும் என்னையும் ஒன்றாகச் சமாளிப்பவள் — தன் போனில் பார்த்துவிட்டு, "நம்மட வீடா இது?" என்றாள். பதினொரு தரம் திறந்து பார்த்தேன். பதினோராவது தரம், சாப்பாடு பற்றிய வரியில் ஒரு காற்புள்ளி தவறான இடத்தில். சதீஸிடம் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை மாற்றுவானாம்.

டிசம்பர் 16, சனி

காற்புள்ளி அங்கேயே இருக்கிறது.

2024 ஜனவரி 4, வியாழன்

ஐந்து நாளாக மழை. நடு அறை நான்கு இடத்தில் ஒழுகுகிறது. புஸ்பம் நான்கு பேசின் வைத்திருக்கிறாள். மழை விடாமல் ஓட்டில் ஏற மாட்டேன் என்கிறார் மேசன். நியாயம்தான்.

நடு அறையைப் பதினெட்டாம் திகதி வரை, இரண்டு கிழமைக்கு, தளத்திலிருந்து எடுத்துவிடும்படி சதீஸுக்கு எழுதினேன். அவன் புது வேலையில் சேர்ந்து சிங்கப்பூரில் ஏதோ பயிற்சியில் இருக்கிறானாம். "அது கோட்டுக்குள்ள போய் எடுக்கணும் சின்னம்மா. நாலஞ்சு நாள் பொறுங்க."

ஜனவரி 9, செவ்வாய்

இன்னும் எடுக்கவில்லை. என் வீடு, என் அறை. அதன் கதவைச் சாத்த நான் சிங்கப்பூரைக் கெஞ்ச வேண்டும்.

ஜனவரி 13, சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு அறைகளில் வீதி வேலைக்கு வந்த பொறியியலாளர்கள். பின்னேரம் கண்டியிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி, பெட்டிகளோடு, சொட்டச் சொட்ட. நடு அறைக்குப் பணம் கட்டி உறுதி செய்த கடிதம் கையில். கதவைத் திறந்தால் நான்கு பேசின்! அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை — கோபம் இல்லை, இரக்கம். கோபமென்றால் தாங்கியிருப்பேன்.

என் அறையை அவர்களுக்குக் கொடுத்தேன். எனக்கு ஹோலில் கேம்ப் கட்டில்.

"மூணும் நிறைஞ்சிற்றே அம்மா. தம்பிக்குச் சொல்லுங்க" என்றாள் புஸ்பம்.

"பேசின் வைச்ச அறைய நிறைஞ்ச அறை எண்டு சொல்ல ஏலாது."

"பேசினும் நிறைஞ்சுதான் கிடக்கு."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. றோய்க்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் ஏற்றிருப்பான். நான் ஏற்க மாட்டேன்.

ஜனவரி 15, திங்கள்

மழை விட்டது. மேசன் ஓட்டில். நான் தொலைபேசியில், ஸுஹைனாவோடு. நாளை வருகிறாளாம். 'அப்பவே சொன்னேனே' என்ற சொல்லை எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. பதில் வீணாயிற்று.

பெப்ரவரி 2, வெள்ளி

ஸுஹைனா செய்த புதுப் பக்கம் திறந்து ஒரு கிழமை. முதல் வேலையாக, பழைய வரியோடு கூடவே வந்துவிட்ட காற்புள்ளியை எடுத்தேன். நானே. அந்த இன்பத்தை என்னவென்று எழுதுவது?

பிறகு தலைப்பின் நிறம். பிறகு சாப்பாட்டு மேசையின் படம் மேலே. பிறகு கீழே. ஸுஹைனா அழைத்து, "அன்ரி, இண்டைக்கு மட்டும் பதினேழு தரம் மாத்தியிருக்கீங்க, கை உளையல்லயா?" என்றாள். வீட்டு விதிகள் பத்தொன்பதையும் நான் முகப்பிலேயே போட்டிருந்தேன். அவள் பேசாமல் அவற்றைக் கடைசிக்கு இறக்கிவிட்டாள். கேட்டேன். இது தங்கும் வீடா ஹொஸ்டலா என்று ஆக்கள் பயந்துவிடுவார்களாம்.

சதீஸும் பார்த்திருக்கிறான். திறக்கச் சுணங்குகிறதாம். எழுபத்து மூன்று வயதுக்காரி கேற் திறக்க வர நேரம் எடுக்கும் என்று பதில் அனுப்பினேன். ஆனாலும் மனதுக்குள் குத்தியது. ஸுஹைனாவிடம் நேரே கேட்டேன், பின்பக்கம் முழுக்க நூலும் முடிச்சும் என்று அவன் சொல்வது பொய்யா என்று.

"இல்ல அன்ரி, அவர் சொல்றது சரிதான். பின்பக்கம் நூல் கிடக்கும். படத்தையெல்லாம் சுருக்கிக் கொஞ்சம் துப்பரவாக்கலாம், முழுக்க ஏலாது. ஆனா ஊசி உங்கட கையில இரிக்கும்."

சிஸ்டர் பேர்னடெற் இதற்கு என்ன சொல்லியிருப்பார்? தெரியவில்லை. அவர் ஊசியை எங்கள் கையில்தான் கொடுத்தார்.

பெப்ரவரி 14, விபூதிப் புதன்

இதுவரை மிஞ்சினால் இரண்டு அறை. மூன்று இல்லை. றோய் விசாப் படிவம் அனுப்பியிருக்கிறான், என் பெயரைத் தானே நிரப்பி.

மார்ச் 17, ஞாயிறு

கோயிலில் சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போட்டாயிற்று; இனி உயிர்த்த ஞாயிறன்றுதான் திறப்பார்கள். வீட்டுக்கு வந்து நானும் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மூடினேன் — திரு இருதயம், மாதா, அந்தோனியார். அம்மா வீட்டில் அந்தக் கிழமை சுவரில் மாட்டிய பூப்படத்தைக்கூட மூடுவார்கள். கண்ணுக்கும் நோன்பு வேண்டும் என்பார்.

பிறகு கணினியைத் திறந்தால், ஹோல் படத்தில் திரு இருதயம் திறந்தபடி! வீட்டில் மூடி, உலகத்துக்குத் திறந்து வைப்பதா? ஒரு ஊதாக் கட்டத்தை இழுத்து அதன்மேல் விட்டேன். அழகாக மூடியது. ஒன்றை மூடி மற்றதை விட்டால் அரைகுறை. வாவி, மூன்று அறைகள், மாமரம், மேசை — பதினொரு படங்களும். யாரையும் கெஞ்சவில்லை. அரை மணி நேரம்.

புஸ்பம் எட்டிப் பார்த்தாள். "அறையக் காணாம ஆர் வருவாங்க?"

இரண்டு கிழமை பொறுக்கத் தெரியாதவர் வர வேண்டாம் என்றேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது — தவணை முடியவும் அதே இரண்டு கிழமைதான். எடுத்துவிடலாமா? இல்லை. போட்ட துணியை நடுவில் எடுப்பதில்லை.

மார்ச் 18, திங்கள்

விடிந்ததும் விடியாததுமாக றோய். குரலே வேறு.

"அம்மா, சுகமா இருக்கீங்களா? பக்கம் முழுக்க ஊதா. முதல்ல வெப்சைட் பழுதாப் போச்சுதெண்டு நினைச்சன். மறுகா…"

முடிக்கவில்லை. நான் கேட்டேன்: "நேத்து என்ன ஞாயிறு?"

சின்னப் பிள்ளை போலச் சொன்னான், "சுரூபம் மூடுற ஞாயிறு." ஏழு வயதில் மாதாவின் துணியைத் தூக்கி உள்ளே பார்த்து என்னிடம் அடி வாங்கியவன்.

ஆனால் என் மகன் அல்லவா, உடனே சுதாரித்துக்கொண்டான். இனி உயிர்த்த ஞாயிறு வரை ஒருவரும் வரப்போவதில்லை, பெரிய வியாழனன்று தானே வந்து என்னை அழைத்துப் போவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மார்ச் 19, செவ்வாய்

ஸுஹைனா வந்தாள். அவளுக்கு நோன்பு, எனக்குத் தவக்காலம். ஒரு மேசையில் பசித்த இரண்டு பெண்கள், நடுவில் தேநீர் இல்லை.

தன் போனை நீட்டினாள். கணினியில் படத்தோடு நின்ற ஊதா, போனில் கீழே வரை வழிந்து, அறை பதிவுசெய்யும் பொத்தானையும் சேர்த்து மூடியிருந்தது. போனில் எப்படித் தெரியும் என்று நான் பார்க்கவே இல்லை. ஞாயிறிலிருந்து போனில் ஒருவராலும் பதிவுசெய்ய முடிந்திருக்காது.

பிழை என்னுடையது. மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்தச் சொல் எனக்குச் சுலபமாக வருவதில்லை.

அவள் படங்களைத் திறக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். "துணிய எடுக்கவா அன்ரி, நீளத்த வெட்டவா?" என்று மட்டும் கேட்டாள். நீளத்தை வெட்டச் சொன்னேன். அவள் கரை மடிப்பது போல ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டிருந்தபோதுதான் தொலைபேசி அடித்தது.

ஜூலி என்று ஒரு பெண். கனடா; கலியாணத்துக்குக் கொழும்பு வந்தவர்கள். எண்பத்து நாலு வயதுத் தாயை, 1990இல் விட்டுப்போன மட்டக்களப்புக்குக் கூட்டி வர இடம் தேடியிருக்கிறாள். "பொத்தான் ஒண்டையும் காணல்ல, அதான் எடுத்தன். அம்மா ஊதாவக் கண்டிட்டா. இது நம்மட ஆக்கள்ர வீடு, இங்கதான் போகணும் எண்டு நிக்கிறா. வேற இடம் காட்டவும் விடுறா இல்ல."

பெரிய வெள்ளியிலிருந்து திங்கள் வரை. ஆறு பேர். எத்தனை அறை இருக்கும் என்று கேட்டாள்.

பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று வெறுமையான பதிவேட்டின் பக்கங்களைத் தொலைபேசிக்குக் கேட்கும்படி புரட்டினேன். பிறகு, மூன்றும் தரலாம் என்றேன். ஸுஹைனா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

மார்ச் 21, வியாழன்

றோய்க்குச் சொல்லவில்லை. வரட்டும்.

மார்ச் 28, பெரிய வியாழன்

வந்தான். மெலிந்திருக்கிறான். இரண்டு டிக்கட்டுகளையும் போனில் காட்டினான், பெருமையாக. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தன் அறை எது என்று கேட்டான்.

"அறை இல்ல, மனே. ஹோல்ல கேம்ப் கட்டில் போட்டிரிக்கு."

நம்பவில்லை. மூன்று கதவுகளையும் திறந்து பார்த்தான். விரித்த கட்டில்கள், தண்ணீர்ப் போத்தல்கள், மடித்த துவாய்கள். பதிவேட்டைக் கொடுத்தேன். நின்றபடி வாசித்தான். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று புஸ்பத்திடம் போய்விட்டான்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மூன்றும் நிறைந்தது. மூன்று அறைக்கும் பெயர்களை எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு

பூசையால் வந்து சுரூபங்களைத் திறந்தேன். பிறகு எல்லோரும் கணினியைச் சுற்றி. ஜூலியின் தாய்க்கு முன்வரிசைக் கதிரை. ஒவ்வொரு ஊதாவாக எடுக்க, கீழே மாமரம், மேசை, திரு இருதயம். வாவிப் படத்துக்கு வந்தபோது, "இத நான் எடுக்கட்டா?" என்றான் றோய். விட்டேன். எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நிஜ வாவி அவன் முதுகுக்குப் பின்னால், ஜன்னலில்.

ஸுஹைனா வாழ்த்துச் சொல்ல அழைத்தாள். கேக்கில் அவளுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறேன், நோன்புப் பெருநாளுக்குப் போய்க் கொடுக்க.

மெல்பேண் பேச்சை அவன் எடுக்கவில்லை. என் வளர்ப்பு.

ஏப்ரல் 4, வியாழன்

றோய் போனான். இரண்டாவது டிக்கட்டை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

விசாப் படிவத்தின் பின்பக்கத்தில் புஸ்பம் சாமான் பட்டியல் எழுதியிருக்கிறாள். பூண்டு, சீனி, கொத்தமல்லி. இருக்கட்டும்.

இன்று தளத்தில் ஒரு பதிவு. பெயர்: றோய். ஆட்கள்: நான்கு. ஓகஸ்டின் முதல் இரண்டு கிழமைகள், வாவிப் பக்கத்து அறை. குறிப்பு என்ற இடத்தில்: 'காலையில் இடியப்பம் கிடைக்குமா?'

எல்லோருக்கும் அனுப்பும் பதிலையே அனுப்பினேன். கிடைக்கும், கேற் இரவு ஒன்பதுக்குப் பூட்டப்படும்.

பிறகு பக்கத்தைத் திறந்து, அந்த இரண்டு கிழமைக்கும் வாவிப் பக்கத்து அறையை மற்றவர்களுக்கு நானே மூடினேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.