நம்பிக்கை போயிருமுங்களா?

ஐப்பசி 14, வெள்ளி இரவு

தத்துவ வகுப்பில் என்னிடம் படிக்கும் ரஹ்மத்தின் அத்தா இன்று சித்தூர் கல்லூரிக்கு வந்தார். கொல்லங்கோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர். மகளை வேறு பாடத்துக்கு மாற்றக் கேட்கும் விண்ணப்பம் கையில் இருந்தது. அவள் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், இதைப் படிச்சா புள்ளைக்கு நம்பிக்கை போயிருமுங்களா?"

"போகலாமுங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா கேள்வி அவ மனசுல ஏற்கெனவே இருக்குதுங்க. இங்க வாய்விட்டுக் கேக்கறா."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு, "இவ அம்மா மவுத்தாகி எங்கள விட்டுப் போனப்ப நாப்பது நாள் நான் தொழவே இல்லைங்க. யாருகிட்டயும் சொன்னதில்லை," என்றார்.

ரஹ்மத் நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் எதுக்குத் தொழுதீங்க அத்தா?"

அவர் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜும்மாத் தொழுகைக்குக் கிளம்பினார்.

கேள்வி அவள் மனதில் ஏற்கெனவே இருக்கிறது என்று நான் சொன்னது சரிதான். ஆனால் அவள் கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. திங்கட்கிழமை வகுப்பை அதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.