அம்சா இல்லாத படம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவது போல் வந்து ஏமாற்றுகிறது. மாடியில் வற்றலை எடுப்பதும் திரும்பப் போடுவதுமாக முழங்கால் போயிற்று.

இன்றைக்கு: பி.பி. மாத்திரை. காஸ் புக் செய்வது. கௌரிக்குப் பிறந்தநாள் பை.

மகள் கௌரி புனேயிலிருந்து உத்தரவு போட்டிருக்கிறாள். மெஷின் பை வேண்டாமாம், கையால் செய்ததாம், ஆன்லைனில் நிறைய இருக்கிறதாம். நானும் மத்தியானம் முழுக்க போனைத் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எல்லாப் பையும் கையால் செய்தது என்றுதான் சொல்கிறது. எல்லாப் படத்திலும் ஒரு சாய்ந்த வெயில், ஒரு பித்தளைத் தட்டு, நாலு மல்லிகைப்பூ. பையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சர் ஒரு லிங்க் அனுப்பினார். கூடவே குரல் பதிவு. "டீச்சர், இதுல வாங்குங்க. நம்ம ஊரு ஆளுதான். பாவம், சம்சாரம் போயிட்டாங்களாம், தனியா தறி நெய்ஞ்சிக்கினு இருக்காராம். படிச்சிட்டு அழுதுட்டேன். நான் ஒண்ணு வாங்கிட்டேன்."

திறந்தேன். பட்டுத்துணியில் கைப்பை, சுருக்குப் பை, தலைக்குப் போடும் பட்டை. கீழே தறியில் ஒரு ஆள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

லோகு. என் தம்பி லோகநாதன்.

படத்துக்குக் கீழே: மனைவி மறைந்த பிறகு இவருக்குத் தறியே துணை. ஒவ்வொரு இழையும் இவருடைய இரு கைகளால் மட்டுமே. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பையும் ஒரு தனிமையைத் துடைக்கிறது.

துடைக்கிறதாம். லோகுவின் மனைவி அம்சா நேற்றுத்தான் எனக்கு வத்தக்குழம்பு கொடுத்தனுப்பினாள். கிண்ணம் இன்னும் கழுவாமல் கிடக்கிறது.

படத்தைப் பெரிதாக்கினேன். வலது ஓரத்தில், வெட்டின இடத்தில், இரண்டு விரல் தெரிகிறது. இழையை ஓட்டுகிற நாடாவைப் பிடித்த விரல். நெளி மோதிரம். அம்சாவேதான். ஆளை வெட்டத் தெரிந்தவர்களுக்கு விரலை வெட்ட நேரமில்லை.

இந்த நெசவு ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது இது. கோர்வைத் துணி ஒற்றை ஆள் வேலை இல்லை. நடுத்துணி ஒரு நிறம், கரை வேறு நிறம். நடுவையும் இடது கரையையும் லோகு ஓட்டுவான். வலது கரை நாடாவை அந்தப் பக்கம் உட்கார்ந்து அம்சா தள்ள வேண்டும், ஒவ்வொரு இழைக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து ஜமுக்காளம் பிழிகிற மாதிரி. ஒருவரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் மிச்சமிருப்பவர் என்னத்தைப் பிழிகிறார்?

கீழே ஜனங்களின் கருத்து. "ஐயாவுக்கு என் வணக்கம்." "இரண்டு வாங்கினேன், கண்ணீருடன்." கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக.

காஸ் புக் செய்ய மறந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

பிள்ளையார்பாளையம் போனேன், லோகு வீட்டுக்கு. அம்சா அடுப்படியில். அவள் காதில் விழ வேண்டாம் என்று இவனை முனை டீக்கடைக்குக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினேன்.

அதிர்ந்துபோவான் என்று நினைத்தேன். டீயை ஆற்றிக்கொண்டே, "தெரியும்கா" என்றான்.

விவரம் இதுதான். கடை நடத்துவது நிவேதா என்று ஒரு பெண், சென்னை. இவனிடம் பைத்துணி வாங்குகிறாள். படம் எடுத்த அன்றே சொல்லிவிட்டாளாம், ஜோடியாக இருந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை, கொஞ்சம் சோகம் வேண்டும் என்று. இவனும் தலையாட்டியிருக்கிறான். பட்டுக்கடை முதலாளி மாதக் கணக்கில் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார். அந்தப் படம் போட்டதிலிருந்து இவன் தறி நிற்கவில்லை.

"ஒரு படந்தானேக்கா. அவளுக்கு என்னா ஆயிடப் போவுது?"

உன்னைச் செத்துவிட்டதாகப் போட்டால் சும்மா இருப்பாயா என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதில்: "நான் செத்தா யாரு நெய்யறது?"

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அம்சாவிடம் சொல்லாதே என்று பின்னாலேயே வந்து கெஞ்சினான். சொல்லவில்லை. என் மேலேயும் கோபம்.

முப்பது வருஷம் எத்தனையோ முரட்டுப் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசியிருக்கிறேன். அந்தப் பொறுமை எல்லாம் சம்பளத்தோடு நின்றுவிட்டது போல.

நவம்பர் 6, வியாழன்

மழை. நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது.

நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஆரணியிலிருந்து வள்ளி, எங்கள் சித்தப்பா மகன் மனைவி, லோகு போனுக்குத் துக்கம் விசாரிக்க அடித்திருக்கிறாள். அவள் மருமகள் போனில் பார்த்தாளாம். எடுத்தது அம்சா.

அம்சா குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்து என்னிடம் சொன்னாள். துண்டு கொடுத்தேன், துடைக்கவில்லை.

"யாரு பேசறதுன்னாங்க. நான்தான் அம்சான்னேன். போனைக் கீழ போட்டுட்டாங்க அண்ணி."

வள்ளி இரண்டாம் முறை தைரியமாக அடித்து, ஓவென்று அழுதாளாம். அங்கே மொத்த வீடும் அம்சாவுக்காகத் தலைமுழுகியாயிற்று. விளக்கேற்றவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. பேத்திக்குக் காது குத்துவதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். பங்காளி வீட்டுச் சாவு, தீட்டு.

இதைச் சொல்லும்போது அம்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பு நின்றது.

"யாருங்க நான் செத்தேன்னு சொன்னதுன்னு உங்க தம்பிய கேட்டேன். எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். தறியையே பாத்துக்கினு இருந்தாரு."

நாடாவை அப்படியே துணி மேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். இனி அந்தப் பக்கம் உட்காரப் போவதில்லையாம். நான் சமாதானம் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். வத்தக்குழம்புக் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில் சுள்ளென்று. அரிசி மாவு தீர்ந்துவிட்டது. மாத்திரை வாங்கினேன்.

லோகு தெருவில் கேட்கிறவர்களுக்கு எல்லாம் மழையில் பாவு நமத்துவிட்டது, தறி ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். எதிர் வீட்டு மாசிலாமணி விடவில்லை. "ஏம்பா லோகு, தெருவுல அத்தினி தறியும் ஓடுது. மழை உன் வூட்டுக்கு மட்டும் தனியா பேஞ்சிதா?"

நான் போனபோது ஒற்றை ஆளாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நடு நாடாவைத் தள்ளுகிறான். தறிக் குழியிலிருந்து ஏறுகிறான். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கரை நாடாவைத் தள்ளுகிறான். திரும்ப வந்து இறங்குகிறான். கரை தொளதொளவென்று நிற்கிறது. பார்க்கப் பாவமாக இல்லை. இதை எழுதிவைக்கிறேன்: எனக்குப் பாவமாகவே இல்லை.

அம்சா வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள். துணி துவைக்கிறாள். அதில் குறை வைக்கவில்லை. வந்து உட்கார் என்று கூப்பிட்டதற்கு மட்டும் பதில்: "தனியா நெய்யறவரு தனியா நெய்யட்டும். செத்தவ வந்து எப்படி உக்காருவா?"

பக்கத்தில் கூலிக்கு ஆள் கேட்கலாம். கேட்டால் ஏன் என்பார்கள். அதனால் கேட்கவில்லை.

நவம்பர் 8, சனி

நிவேதாவுக்குப் போன் செய்தேன். நம்பர் லோகு கொடுக்கவில்லை, அம்சா கொடுத்தாள்.

நல்ல குரல். மரியாதையான பெண். அதுதான் இன்னும் எரிச்சல். முதலில் நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். உயிரோடு இருக்கிற ஒரு சுமங்கலியை இப்படிப் போடலாமா என்றேன். ஆன்ட்டி, அது ஸ்டோரி, எமோஷனலாக கனெக்ட் ஆகணும், பையை யாரும் பைக்காக வாங்குவதில்லை என்றாள். புரியவில்லையோ என்று உதாரணம் சொன்னேன். முன் பெஞ்சில் கண்ணெதிரே உட்கார்ந்து கணக்குப் போடுகிற பிள்ளைக்கு ஆப்சென்ட் போடுவது மாதிரி அம்மா இது, அதுவும் அந்தப் பிள்ளை போட்ட கணக்கையே காட்டிப் பரிசு வாங்குவது மாதிரி.

"சூப்பர் ஆன்ட்டி. இதையே கேப்ஷனா போடலாம் போல."

போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தேன். என்ன செய்வது இதை.

கடைசியில் அவள் கண்டுபிடித்த வழி: "மறைந்த பிறகுங்கிறதை எடுத்துடறேன். நோயாளி மனைவின்னு மாத்திடட்டுமா?"

அம்சாவுக்குத் தலைவலி வந்துகூட நான் பார்த்ததில்லை என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

திங்கட்கிழமை நேரில் வருகிறாளாம், துணி வாங்கவும் வீடியோ எடுக்கவும். வா என்றேன்.

குமரன் ஒரகடத்திலிருந்து வந்திருக்கிறான், அம்சா மகன். கார் கம்பெனி ஷிப்ட், வாராவாரம் சனிக்கிழமை வருவான். அப்பா அம்மா இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன அத்தை வீடு பரீட்சை ஹால் மாதிரி இருக்கு என்றான். எல்லாம் சொன்னேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்குப் பூ வாங்கிவந்து கொடுத்தான். முழம் முழமாக, தலை நிறைய.

நவம்பர் 10, திங்கள்

தூறல். நின்று நின்று.

நிவேதா வந்தாள். கதர்ப் புடவை, பெரிய பொட்டு, செருப்பை வாசலிலேயே விட்டாள், அதுவரை சரி. என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். திட்ட வைத்திருந்ததில் பாதி போய்விட்டது.

நெய்த துணி கொஞ்சம்தான் என்றதும் முகம் வாடியது. பரவாயில்லை, வீடியோவாவது எடுக்கலாம் என்று போனை ஒரு மூன்று கால் ஸ்டாண்டில் பொருத்தினாள். லோகு குழியில் இறங்கினான். அம்சா அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டு.

லோகு நாடாவைத் தள்ளினான். எழுந்தான். சுற்றிப் போனான்.

"ஐயா, எந்திரிக்காதீங்க. உக்காந்துக்கினே பண்ணுங்க."

உட்கார்ந்துகொண்டே முடியாது என்றான். ஏன் என்று கேட்டாள். திரும்ப இறங்கினான், திரும்பத் தள்ளினான், திரும்ப எழுந்தான். பாதி ஏறிய நிலையில், ஒரு கால் குழியிலும் ஒரு கால் மேலேயுமாக நின்றுவிட்டான். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்து, "அம்சா, வாம்மா" என்றான்.

அவள் வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை. "அந்த போனைப் பாத்து, நான் யாருன்னு மொதல்ல சொல்லுங்க. அப்பால வரேன்."

லோகு போனைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பாடம் மறந்த பையன் மாதிரி வேர்த்துவிட்டது.

"இவ என் சம்சாரம். பேரு அம்சா. உசுரோட இருக்கா. இவ அந்தப் பக்கம் உக்காரலன்னா எனக்கு ஒரு இழை ஓடாது. செத்துட்டான்னு போட்டாங்க. நானும் சரின்னுட்டேன்."

அம்சா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். நாடா ஓடியது. தளர்ந்த கரையைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும் என்று அவனைத் திட்டினாள். அவன் சரி சரி என்றான்.

நிவேதா கண்ணைத் துடைத்தாள். பழைய படத்தை எங்கள் எதிரிலேயே அழித்தாள். இரண்டு பேரையும் சேர்த்துப் புதுப் படம் எடுத்துக்கொண்டாள். ஐயா, இது வேற லெவல் என்றாள். எனக்கு என்னவோ உறுத்தல்.

வள்ளியிடம் அம்சாவையே பேசச் சொன்னேன். காது குத்துக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லிவைத்தாள்.

நவம்பர் 12, புதன்

வெயில். தோசைக்கு அரைக்கக் கொடுத்தேன். கௌரிக்குப் பை வாங்கவில்லை. புடவை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். முனகினாள்.

மத்தியானம் குமரன் போன் செய்தான், கம்பெனியிலிருந்து. "அத்த, அம்மா உசுரோட வந்துட்டாங்க. நான்தான் பொறக்கவே இல்லியாம்."

பார்த்தேன். புதுப் படம். இரண்டு பேரும் நன்றாகத்தான் விழுந்திருக்கிறார்கள். கீழே: பிள்ளைச் செல்வம் இல்லாத இந்தத் தம்பதிக்குத் தறியே குழந்தை. ஒருவருக்கு ஒருவர் மட்டுமே.

லோகு பேசிய அந்த வீடியோவைக் காணோம்.

கருத்து நூற்றுக்கணக்கில். கண்ணீர் பொம்மைகள். ஒருவர் தத்துப் பிள்ளையாக வரத் தயாராம்.

வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல் லோகு வீட்டுக்குப் போனேன். தெரு முனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. உள்ளே போய், நின்றபடியே, வகுப்பில் வாசிப்பது போல் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அம்சா கையிலிருந்த நாடா நின்றது. பிள்ளை இல்லையா என்றாள், என்னைப் பார்த்து, நான்தான் எழுதினேன் என்பது போல. அவள் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

எழுந்தது லோகு. குழியிலிருந்து ஏறி, கையை வேட்டியில் துடைத்து, என் போனைக் கேட்டான். தறி போனா போவுது என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்து நிவேதாவுக்கென்று நெய்த துணியைப் பாவிலிருந்து வெட்டிச் சுருட்டி வாசலில் வைத்தான். அம்சா தடுக்கவில்லை.

நிவேதா நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. திரும்பப் போடு என்றான். போட்டேன். நின்றுகொண்டே காதில் வைத்திருக்கிறான், நான் இதை அவன் வீட்டிலேயே உட்கார்ந்து கிடைத்த தாளில் எழுதுகிறேன், இன்னும் போனைக் கீழே வைக்கவில்லை.